அத்தை மடியில் வைத்திருந்த கல்

உங்களில் யாராவது ஒரு கல்லை நாக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பதினோரு வயதில், பள்ளிக்கூடத்தில், வாத்தியார் சொல்லித்தான் தொட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வயதுக்காரர்கள் கல்யாண வீடுகளில் கூடும்போது தோட்டத்துக் கதைகள் வருகின்றன. ஆளுக்கொரு பாம்பு, ஆளுக்கொரு பேய், ஆளுக்கொரு துரை. நானும் சிரித்துக்கொண்டு கேட்பேன். இந்தக் கல்லின் கதையை மட்டும் சொன்னதில்லை. அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அத்தையும் போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். இனிச் சொன்னால் சங்கடப்பட ஆளில்லை.

ஜாசின் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட வருஷம் அது. உங்களுக்கும் அந்த வருஷம் ஒன்று இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து நிழலிலேயே கிடந்த லயத்து வீடுகள்மேல், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் வீடுகள்மேல், திடீரென்று வெயில் வந்து விழுந்தது. தகரக் கூரை காலை ஒன்பது மணிக்கே படபடவென்று சத்தம் போடும். சாய்த்த மரங்களைக் கொளுத்திய புகை கொடியில் காயும் துணியிலெல்லாம் ஏறியிருக்கும். அம்மா துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டாலும் அடுப்புக்குள்ளிருந்து எடுத்ததுபோல் மணக்கும்.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு சதுப்பு இருந்தது. அதையும் வடித்துப் பனை நடவேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். தண்ணீர் வடிவதற்காகக் கான் வெட்டும் வேலை அப்பாவுக்கு வந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாரி வாரிக் கரையில் போடுவார்.

அந்தச் சதுப்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். அத்தையின் புருசன், எங்கள் மாமா, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை எடுத்துக்கொண்டு அங்கே போனவர். சைக்கிள் கரையில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. ஆள் வரவில்லை. முதலை என்றார்கள். சேறு இழுத்துவிட்டது என்றார்கள். வாரக்கணக்கில் மூங்கிலை விட்டுத் துழாவினார்களாம். எதுவும் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு இரண்டு வயது.

அத்தை அப்பாவின் தங்கை. அந்த வருஷம் அவருக்கு முப்பத்து நான்கோ ஐந்தோ இருக்கும். பிள்ளையில்லை. எங்களோடுதான் இருந்தார். விடிந்தால் இன்னும் சாய்க்காத மரங்களில் பால் வெட்டப் போவார், மத்தியானம் வந்தால் கையால் துணி தைப்பார். பிணம் கிடைக்காததால் கருமாதி செய்யவில்லை. கருமாதி இல்லாததால் தாலி கழற்றவில்லை. ஒன்பது வருஷமாக மஞ்சள் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு இருந்தார். விசேஷ வீடுகளில் அவரை எங்கே உட்கார வைப்பதென்று யாருக்கும் தெரியாது. சுமங்கலிகள் வரிசையில் வைத்தால் சில பேர் முகம் சுளிப்பார்கள். தள்ளி வைக்கவும் முடியாது. அதனால் அத்தை எப்போதும் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் அப்பாவுக்குப் போத்தலில் கோப்பி கொண்டுபோனேன். அப்பா வெட்டிப் போட்ட மண் கரையில் குவியல் குவியலாகக் கிடந்தது. மேல்மண் கறுப்பு. அடியிலிருந்து வந்தது நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். அதில் ஒரு கட்டி பிளந்து, உள்ளே பழுப்பாக ஏதோ தெரிந்தது. குச்சியால் நோண்டி எடுத்தேன்.

என் கை இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இருந்தது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். ஒரு பக்கம் கரடுமுரடு. மறுபக்கம் வரிசையாக மேடுகள், பக்கத்தில் பக்கத்தில் அணைத்து நிற்பதுபோல். எண்ணினேன். ஆறு. ஆறாவது பாதியில் உடைந்திருந்தது. மேடுகள் வழவழவென்று கருப்பாக மின்னின. நடுவிலிருந்த பள்ளங்கள் மண்பானை நிறத்தில் இருந்தன.

"அப்பா, இது என்னா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கல்லுலா. போட்டுட்டுப் போ. இங்க பாம்பு கெடக்கும்."

போடவில்லை. புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் வீடு எப்படியெல்லாம் இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளியில் வாத்தியாரிடம் காட்டினேன். ஒல்லியான மனுஷர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கும், அந்தப் பக்கம் சட்டை வெள்ளையாகவே தெரியும். கல்லைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்க. இது என்னான்னு நாம கண்டுபிடிப்போம்."

கரும்பலகையில் 'புதைபடிவம்' என்று எழுதினார். செத்த உயிர் மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தால், எலும்புக்குள் கல்சத்து ஏறி, எலும்பே கல்லாகிவிடும் என்றார். எங்களுக்கு அது ஏதோ ரிஷி சாபம் போலக் கேட்டது. பிறகு ஒரு கையில் ஆற்றுக்கல், ஒரு கையில் இந்தக் கல் வைத்து எடை பார்க்கச் சொன்னார். ஆணியால் மேட்டில் கீறினார். கீறல் விழவில்லை, ஆணிதான் வழுக்கியது. பள்ளத்தில் கீறினார். கொஞ்சம் தூள் வந்தது.

"சும்மாக் கல்லுன்னா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதுல ரெண்டு விதம் இருக்கு. ஒரு ஒழுங்கு இருக்கு. ஆனா நம்ம செம்பூரான் கல்லுகூட சில நேரம் முட்டை மாதிரி, வேர் மாதிரி உருண்டு கெடக்கும். ஏமாத்திரும். இன்னொரு சோதனை இருக்கு. பழைய எலும்புன்னா உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், எச்சியை உறிஞ்சும். நாக்குல வச்சா ஒட்டும். கல்லு ஒட்டாது."

அவரே முதலில் துடைத்துவிட்டு நாக்கு நுனியால் தொட்டார். பிறகு, கண்டெடுத்தவள் நான் என்பதால் என்னிடம் நீட்டினார். நான் பள்ளத்தில் நாக்கை வைத்தேன். மண் ருசி. எடுக்கும்போது லேசாகப் பிடித்து இழுத்தது, பனிக்கட்டியில் ஒட்டுவதுபோல். வகுப்பு முழுவதும் கத்தியது.

"ஒட்டுது சார்!"

"ஒட்டுதுன்னா எலும்பா இருக்கலாம். களிமண் காஞ்சிருந்தாலும் ஒட்டும். முடிவு பண்ணிராதே. பத்திரமா வச்சிரு."

அன்றைக்கு நான் நடந்து வீட்டுக்குப் போகவில்லை. ஓடினேன்.

அத்தை வாசல் பலகையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கல்லை அவர் மடியில் வைத்தேன். "அத்தை, அப்பா கான் வெட்டுற எடத்துல கெடச்சிச்சு. எலும்பாம்! வாத்தியார் சொன்னாரு!"

அத்தை அதைப் புரட்டிப் பார்த்தார். விரலால் மேடுகளைத் தடவினார். ஒவ்வொன்றாக. உடைந்த மேட்டில் விரல் நின்றது.

"சதுப்புலயா?"

"ஆமா அத்தை."

"இது பல்லுடி."

அவர் சொன்ன பிறகு எனக்கும் அது பல்லாகத்தான் தெரிந்தது. வரிசையாக ஆறு பல், ஒரு துண்டுத் தாடையில். ஏன் முன்னாலேயே தெரியவில்லை என்று தோன்றும் அளவுக்கு.

"உங்க மாமாவுக்குச் சோடா போத்தல் தொறக்கப்போயி ஒரு பல்லு ஒடஞ்சிருச்சு. பாதி." அவ்வளவுதான் சொன்னார். ஊசி எங்கேயோ விழுந்தது. கல்லைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் டிரஸ்ஸர் இருக்கும் மருந்துக் கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

தோட்டத்துக்கு டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டாக்டர் டிரஸ்ஸர்தான். பிரசவமும் அவர்தான், பேதியும் அவர்தான். அவர் சொன்னால் சொன்னதுதான். சுவரில் மனித எலும்புக்கூட்டுப் படம் ஒன்று தொங்கும். கல்லை வாங்கி அந்தப் படத்தின் வாய்ப்பக்கம் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"கீழ்த்தாடை. வலது பக்கம். பெரிய ஆளோடது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க வீட்டுக்காரு நல்ல ஒசரமில்லே?" என்று கேட்டார்.

அத்தை அழவில்லை. "ஆமா," என்றார்.

அந்த நிமிஷம் என் நினைவில் வந்தது மாமா அல்ல. என் நாக்கு. மாமாவின் தாடையை நான் நக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைத் தொட்டிப் பக்கம் போய் வாயைக் கொப்பளித்தேன். உப்பைப் போட்டுக் கொப்பளித்தேன். கரியை எடுத்து நாக்கைத் தேய்த்தேன், ரத்தம் வந்தது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அந்த மண் ருசி வரும். தட்டைத் தள்ளிவிடுவேன். யாரிடம் சொல்வது? சொன்னால் அத்தை என்ன நினைப்பார்? செத்தவர் என்மேல் கோபப்படுவாரா? அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று டிரஸ்ஸரிடமே அனுப்பினார். அவர் கசப்பு மருந்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அதுதான் அன்று என் வயிற்றுக்குள் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். லயத்து ஆட்கள் வாசலில் கூடியிருந்தார்கள். டிரஸ்ஸர், "துரைகிட்டச் சொல்லி போலீசுக்கு எழுதணும்," என்றார். அத்தை கல்லை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கல்லைப் பார்க்கவே இல்லை.

"அது மச்சானில்லே," என்றார்.

"டிரஸ்ஸர் சொல்றாரண்ணே."

"டிரஸ்ஸருக்கு மாத்திர மருந்து தெரியும். அது அவரில்லே. விடு."

"பல்லு ஒடஞ்சிருக்குண்ணே. பாருங்க."

"அவரில்லேன்னு சொல்றேன்லா!"

அப்பா அத்தையிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தங்கை விதவையாவதைத் தாங்க முடியாமல் கத்துகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்தினார்.

அத்தை வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் கருமாதி, தாலி இறக்குவது, எல்லாம். பெட்டியிலிருந்து மாமாவின் பழைய சாரோங் கைலி ஒன்றை எடுத்துக் கல்லை அதில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மாமாவுக்காக அன்றாடம் ஏற்றும் விளக்கை ஏற்றினார். மறுநாள் காலையிலிருந்து பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். அத்தைக்குப் பூ வைத்துவிட்டார்கள். வளையல் போட்டுவிட்டார்கள். ஒன்பது வருஷமாகச் சமையல்கட்டில் உட்கார வைத்தவர்கள்தான். கழற்றப் போகிற கைக்குத்தான் அத்தனை வளையல்.

நான் புதன்கிழமை வாத்தியாரிடம் போய் அழுதுவிட்டேன். "சார், அது எங்க மாமாவாம் சார். நான் நக்கிட்டேன் சார்."

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அவரும் தொட்டிருந்தார். ஒரு பெரிய மனுஷர் என்னைப்போலவே பயப்படுவதை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன்.

அன்று மாலை வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவை வெளியே கூப்பிட்டார். "ஒன்பது வருசத்துல எலும்பு இவ்வளவு கனம் ஆகாதுங்க. எனக்கு அப்படித்தான் படுது. ஆனா நான் சொல்றதை வச்சி ஒரு பொம்பளை வாழ்க்கையில கை வைக்கக் கூடாது. ஜாசின்ல பழைய பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு, சீனரு. டிரஸ்ஸர் பல்லைப் பாக்கிற ஆளில்லே. அது மனுசப் பல்லா இல்லையான்னு அவரு சொல்லட்டும்."

அப்பாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் எனக்கு இன்றும் தெரிகிறது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்ததுபோல். "போறேன் சார். நாளைக்கே போறேன்." விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை அப்பா. அன்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

"நானும் வர்றேன்," என்றார் அத்தை. கல்லைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. என்னையும் கூட்டிப் போனார்கள், சாப்பிடாத பிள்ளைக்கு ஒருவேளை பல்வலியாக இருக்கலாம் என்று அம்மா சொன்னதால்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். சாரோங்கில் சுற்றிய கல் மடியில். பஸ் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார், பிள்ளைத் தலை இடித்துவிடாமல் பிடிப்பதுபோல். டிக்கெட் கிழிப்பவர் ஒரு மாதிரி பார்த்தார். அப்பா எங்களுக்கு முன் சீட்டில். அவர் பிடரி வியர்த்துக்கொண்டே இருந்தது. நான் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான்: கல்லாக இருக்கவேண்டும், கல்லாக இருக்கவேண்டும்.

பல் டாக்டர் கடை சந்தைக்கு, அதாவது பாசாருக்கு எதிரே. உள்ளே லவங்க எண்ணெய் வாசனை. கண்ணாடி அலமாரியில் பொய்ப்பற்கள் இளித்துக்கொண்டிருந்தன. வெள்ளை பனியன் போட்ட கிழவர் அவர். அப்பா மலாயில் விஷயத்தைச் சொன்னார். அத்தை துணியை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது முணுமுணுவென்று ஏதோ சொன்னார், மாமாவிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கிழவர் கல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பிறகு அத்தையின் நெற்றியையும் வளையலையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தையை உட்காரச் சொன்னார்.

"புக்கான் ஓராங்," என்றார் மெதுவாக. மனுஷன் இல்லை.

மனிதருக்குப் பல் தனித்தனியாக முளைக்கும், ஒவ்வொன்றுக்கும் வேர் தனி என்றார். தன் அலமாரியிலிருந்து ஒரு நிஜப் பல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எங்கள் கல்லில் மேடுகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு மேடும் மேலே மூடிய ஒரு நீள வளையம். துணியை மடித்து மடித்து வைத்ததுபோல், பல்லின் பளிங்குப் பூச்சு மடிந்து மடிந்து போயிருந்தது. ஆறு பல் இல்லை. எல்லாம் சேர்த்து ஒரே பல். அதுவும் ஒரு பல்லில் உடைந்த துண்டு.

"காஜா," என்றார். யானை. அவர் அப்பா ஈப்போவில் பல் கட்டியவராம். ஈயம் தோண்டுகிறவர்கள் மண்ணுக்கடியிலிருந்து இப்படி எடுத்துக்கொண்டு வந்து என்னவென்று கேட்பார்களாம்.

அப்பா, "ரொம்பப் பழசா?" என்று கேட்டார்.

கிழவர் காலால் மிதிக்கும் துளைப்பானை இழுத்தார். கல்லின் அடிப்பக்கத்தில், பழுப்பாக இருந்த இடத்தில் ஊசியை வைத்து மிதித்தார். கிர்ரென்ற சத்தம். தூள் பறந்தது. என்னை மோந்து பார்க்கச் சொன்னார். வெயிலில் கிடந்த ஜல்லியை உடைத்தால் வருமே, அந்த வாசனை. பிறகு நிஜப் பல்லில் துளைத்துக் காட்டினார். மயிர் கருகிய நாற்றம் குப்பென்று வந்தது. நேற்றுச் செத்ததோ நூறு வருஷத்துக்கு முன்னால் செத்ததோ, பல்லென்றால் கொஞ்சமாவது இந்த நாற்றம் வரும். இதில் உயிரின் மிச்சமே இல்லை, முழுக்கக் கல்லாகிவிட்டது, மனிதர் இந்தப் பக்கம் ஊர் கட்டுவதற்கு எவ்வளவோ முந்தி நடமாடிய யானை என்றார்.

"அத்தை!" என்று கத்தினேன். "மாமா இல்லை அத்தை! யானை! கல்லாப்போன யானை!" மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. அத்தை என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அத்தை சாரோங்கை நாலாக மடித்தார். கல்லை அதில் திரும்பச் சுற்றவில்லை. மேசைமேலேயே விட்டார். அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோயிருந்தது. சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கல்லை அப்பாதான் எடுத்து என் பையில் போட்டார்.

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அப்பா எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அவர் அன்று போல் பேசி நான் பார்த்ததில்லை. யானையைப் பற்றிப் பேசினார், சீனக் கிழவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசினார், சிரித்தார். அத்தை கோப்பியைத் தொடவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளு."

"இந்த சீனரு பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தாரு, ஓட்டை போட்டுப் பாத்தாரு, அதுக்கப்புறம் சொன்னாரு. நீங்க செவ்வாக்கெழமையே சொன்னீங்க, அது அவரில்லேன்னு. கல்லைப் பாக்கக்கூட இல்லே. எப்படித் தெரிஞ்சிச்சு?"

அப்பாவின் கை கோப்பிக் கிண்ணத்தில் அப்படியே நின்றது.

"தெரியாமச் சொன்னேன். மனசு கேக்கல."

"அண்ணே."

வெளியே ஒரு லாரி வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன். ஏதோ உடையப்போகிறது என்று மட்டும் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

"மூவார் டவுன்ல பாத்தேன்," என்றார் அப்பா.

"எப்ப?"

"நாலு வருசம் ஆச்சு. ஒரு பலகைக் கடையில வேலை செய்யிறாரு. குடும்பம் இருக்கு. ரெண்டு புள்ளைங்க." பிறகு அவசர அவசரமாகச் சொன்னார். "செத்துட்டாருன்னா ஊரு பாவம்னு சொல்லும். ஓடிட்டாருன்னா ஒன்னயத்தான் பேசும். ஒனக்கு எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியல தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னு கும்புட்டு நின்னாரு, அவரு என் கால்ல விழுந்தாரு."

"அவரு ஒங்க கால்ல விழுந்தாரு. நீங்க நாலு வருசம் நான் விளக்கேத்துறதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அப்பா கோப்பிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அத்தை விடவில்லை.

"வெள்ளிக்கெழமை நான் தாலி அறுத்திருந்தா பாத்துக்கிட்டு நின்னிருப்பீங்களா?"

"அதுக்குத்தான் இங்க கூட்டியாந்தேன்."

"நீங்க சொல்லலே. கல்லைச் சொல்ல வச்சீங்க," என்றார் அத்தை.

இப்போது யோசிக்கும்போது அப்பாமேல் எனக்குக் கோபமில்லை. இரக்கம்தான் வருகிறது. அந்த மூன்று நாளும் வீட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர்தான். அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க வேண்டிய வயதில் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரைக்கு யாரும் போகவில்லை. அது யானைப் பல் என்று வாத்தியார் லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டார். டிரஸ்ஸர் பெருந்தன்மையாக, "யானைத் தாடைன்னுதான் நானும் நினைச்சேன்," என்றாராம். அத்தை குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, மெர்லிமாவ் போய் மூவார் பஸ் பிடிக்கப் போனார். அப்பா கூட வருகிறேன் என்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. அம்மா கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார். அப்பா பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அத்தை எதையாவது செய்துகொள்வாரோ என்று பயந்தார்கள், என் காதில் விழாதபடி பேசினார்கள், என் காதில் விழுந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் அத்தை வந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, "பசிக்குது," என்றார். அம்மா சோறு போட்டார். நானும் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். குனிந்தபோதுதான் அம்மா பார்த்தார், கழுத்தில் ஒன்றுமில்லை.

"அறுத்துட்டியா?"

"அறுக்கல அண்ணி. கழட்டி அவரு கையிலயே குடுத்துட்டு வந்துட்டேன்." ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் குழித்தார். "அந்தக் கல்லு அவரா இருந்திருந்தா, நாலு நாளு அழுது முடிச்சிருப்பேன். அதுகூடக் குடுத்து வைக்கல."

அன்று இரவல் வளையல்களையெல்லாம் யார் யார் கொடுத்ததோ அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவரச் சொல்லி என்னிடம் தந்தார். குங்குமத்தை மட்டும் அழிக்கவில்லை. "இது சின்னப் புள்ளையிலேருந்து நானா வச்சிக்கிறது," என்றார். லயத்தில் பேசினார்கள். கொஞ்ச நாள் பேசினார்கள்.

கல்லை வாத்தியார் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தார். 'யானைக் கடைவாய்ப்பல், புதைபடிவம், கான் வெட்டும்போது கிடைத்தது' என்று அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. என் பெயரும் கீழே இருந்தது. கோலாலம்பூருக்கு எழுதிப் போட்டார், பதில் வந்ததாக ஞாபகமில்லை. பிறகு தோட்டம் கை மாறியது, ஆட்கள் டவுனுக்குப் போனார்கள், பள்ளியையும் மூடினார்கள். அலமாரி யார் வீட்டுக்குப் போனதோ. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காட்சிச்சாலையில் கண்ணாடிக்குள் அதேபோல் ஒன்றைப் பார்த்தேன், முழுசாக, பன்னிரண்டு மேடுகளோடு. பேரப்பிள்ளைகள் அடுத்த அறைக்கு ஓடிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றேன்.

அத்தை அந்த மாதக் கடைசியிலேயே ஜாசினுக்குப் போய்விட்டார். ஒரு தையல் கடையில் வேலை, மாடியில் ஓர் அறை. இரண்டு வருஷத்தில் அந்தக் கடை மிஷின் ஒன்று அவருக்கே சொந்தமானது. என்னிடமும் அம்மாவிடமும் எப்போதும்போல் பேசுவார். அப்பாவிடம் பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூட்டிக்கொண்டு ஜாசின் பாசாருக்குப் போவார். மீனும் காய்கறியும் வாங்கியதும், ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "அத்தைகிட்டக் குடுத்துட்டு வா," என்பார். தான் கடைக்கு எதிரே சாலையின் மறுபக்கம் நிற்பார். நிழல் இல்லாத இடம். நான் அரைமணி நேரம் இருந்து பேசிவிட்டு வருவேன். அதுவரை அப்படியே நிற்பார். அத்தை மிஷினிலிருந்து தலை நிமிர மாட்டார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நான் வழக்கம்போல் பொட்டலத்தை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அத்தை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மிஷின் நின்றது.

"ஒங்கப்பா சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளின் காலர் கிழிசல் எனக்குத் தெரியவில்லை.

"உள்ள வரச் சொல்லு," என்றார் அத்தை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து வந்து, செருப்பை வெளியே விட்டு, வாசலில் நின்றார். அத்தை கையை நீட்டினார். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காலரைப் பிரித்து, கிழிந்த பக்கத்தை உள்ளே திருப்பி வைத்து, நிதானமாகத் தைத்தார். தைத்து முடிந்ததும் இஸ்திரிப்பெட்டியை ஒரு முறை ஓட்டிச் சட்டையை நீட்டினார்.

அப்பா அதை மாட்டிக்கொண்டார். வெயிலில் நின்று வந்த மனுஷர், புழுங்கிய அந்தக் கடைக்குள், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார்.